கதைக்குள் பெய்யும் மழை

சென்ற டிசெம்பர் விடுமுறையில் எங்கள் வீட்டில் ஒரு மழையால் சண்டை வந்தது. வெளியே நல்ல வெயில். மழை பெய்தது மேசையில் விரித்திருந்த வரைபடத்துக்குள்.

நானும் தங்கையும் சாச்சியின் பிள்ளைகள் இருவரும் பாத்திரமேற்றுக் கதை விளையாட்டு ஆடிக்கொண்டிருந்தோம். இதில் ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, தாம் என்ன செய்கிறோம் என்று சொல்லிக் கதையை நகர்த்துவார்கள். 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகியோர் உருவாக்கிய 'டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்' இவ்வகை விளையாட்டுகளுக்கு முன்னோடி.

எங்கள் கதையில் தங்கை ஒரு வைத்தியர். களப்பின் அக்கரையிலுள்ள ஊருக்கு மூன்று நாட்களுக்குள் மருந்து கொண்டுபோக வேண்டும். தோணி நடுக்களப்பில் இருக்கும்போது, கதை நடத்திய நான் பெருமழையைக் கொண்டுவந்தேன். மருந்துப் பெட்டி தண்ணீரோடு போயிற்று.

"ராத்தா, நீங்க வேணுமெண்டுதானே மழை பெய்ய வச்சீங்க! காலையில உங்கட பேனைய எடுத்ததுக்குத்தானே?" என்று அழுதாள்.

அவள் சொன்னது முழுப் பொய் அல்ல என்பது என் மனத்துக்குத் தெரியும். கதையில் வானிலை ஒருவர் கையில் இருந்தால் நீதி இராது. அதனால்தான் இவ்விளையாட்டுகளில் வானிலையைத் தற்செயலிடம் விட்டுவிடுகிறார்கள்.

டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸின் 2014ஆம் ஆண்டு வழிகாட்டி நூலில் இதற்கொரு அட்டவணை உண்டு. இருபது முகத் தாயக்கட்டையை உருட்ட வேண்டும். 1 முதல் 12 வரை விழுந்தால் மழை இல்லை. 13 முதல் 17 வரை சிறுமழை. 18 முதல் 20 வரை பெருமழை. அதாவது நூறு நாட்களில் சராசரியாக நாற்பது நாட்கள் மழை.

எங்கள் வீட்டில் தாயக்கட்டை உருட்டுவதற்கு வாப்பா இடம்தர மாட்டார். மார்க்கத்தில் அதற்குள்ள எச்சரிக்கையே காரணம். எனவே இருபது கடதாசித் துண்டுகளில் எழுதி, ஒரு பால்மாப் பேணியில் போட்டேன். ஒரு நாளுக்கு ஒரு துண்டு எடுத்து, பார்த்தபின் திரும்பப் போட்டுவிட வேண்டும். இது கதையின் வானத்துக்கு மட்டும்தான். நாளைய உண்மை வானம் பற்றி இத்துண்டுகளுக்கு எதுவும் தெரியாது.

சண்டை தீர்ந்தது, ஆனால் கதை கெட்டது. இன்று பெருமழை, நாளை வெயில், மறுநாள் மறுபடி மழை! எங்கள் ஊர் மாரியில் மழை பிடித்தால் இப்படியா விட்டு விட்டுப் பெய்கிறது? பேணிக்கு நேற்று நடந்தது நினைவில்லை. குறை அங்கேதான்.

அதனால் இரண்டு பேணிகள் வைத்தேன். இன்று வெயிலென்றால் நாளைக்கு 'வெயில் பேணி'யில் எடுக்க வேண்டும். அதில் வெயில் 8, மழை 2. இன்று மழையென்றால் 'மழைப் பேணி'; அதில் மழை 7, வெயில் 3. கணக்குப் பார்த்தால் இதிலும் நீண்ட காலத்தில் நூறுக்கு நாற்பது நாட்களே மழை. ஆனால் ஒரு பேணி முறையில் தொடர்மழை சராசரியாக இரண்டு நாட்கள்கூட நீடிப்பதில்லை. இரண்டு பேணி முறையில் மூன்று நாட்களுக்கு மேல் நீடிக்கிறது. மழை நாட்களின் அளவு ஒன்றுதான், வானிலை வேறு.

பார்த்துக்கொண்டிருந்த உம்மும்மா ஒரு திருத்தம் சொன்னார். "வெயிலுக்குள்ள இருந்து ஒரேயடியா வெள்ளம் வருமா மகள்? முதல்ல மழை விடாமப் பெய்யணுமே." அதன்படி பெருமழைக்கு மூன்றாவது பேணி வந்தது. மழைப் பேணியிலிருந்த ஒரு மழைத் துண்டைப் பெருமழையாக மாற்றினேன். வெயில் பேணியில் பெருமழைத் துண்டே இல்லை. பெருமழைப் பேணியில் வெயில் துண்டும் இல்லை.

பிறகுதான் அறிந்தேன், இதற்கு 'மார்க்கோவ் சங்கிலி' என்று பெயர். நாளைய நிலை இன்றைய நிலையை மட்டும் பொறுத்திருக்கும் தற்செயல் தொடர் அது. ரஷ்யக் கணிதவியலாளர் அந்திரேய் மார்க்கோவ், 1913இல் இதை விளக்க எடுத்துக்கொண்டது வானிலையை அல்ல, கவிதையை! புஷ்கினின் 'எவ்கேனி ஒனேகின்' காவியத்தில் 20,000 எழுத்துகளை எண்ணி, ஓர் எழுத்து உயிரா மெய்யா என்பது அதற்கு முந்திய எழுத்தைப் பொறுத்து எவ்வாறு மாறுகிறது என்று காட்டினார். கணிதப் பாடத்தில் நிகழ்தகவை வெறும் சூத்திரமாகப் படித்த எனக்கு, அது கவிதையிலும் மழையிலும் இருப்பது அன்றுதான் புரிந்தது.

மருந்துக் கதையை மறுபடி ஆடினோம். முதல் நாள் மழை. தங்கை விரல்விட்டு எண்ணினாள். "நாளைக்கும் மழை வர பத்துக்கு ஏழு. தோணி வேணாம், கரையால வண்டியில போவம்." அப்படியே போனாள். இரண்டாம் நாள் பெருமழை. பாதை வெள்ளத்தில் மூழ்கி, ஒரு நாள் பிந்தித்தான் மருந்து போய்ச் சேர்ந்தது. இம்முறையும் தோற்றாள், ஆனால் அழவில்லை. என்னையும் முறைக்கவில்லை. பேணியைத்தான் முறைத்தாள்.

உங்கள் வீட்டிலும் மூன்று வெற்றுப் பேணிகள் இருக்கும். தம்பி தங்கையரோடு ஒருநாள் கதை ஆடிப் பாருங்கள். துண்டுகளை மட்டும் எல்லோரும் பார்க்க எண்ணிப் போடுங்கள்.