வெறும் காற்றுதான்!

கொடைக்கானலுக்குப் போயிருக்கிறீர்களா? போனவர்களுக்குத் தெரியும். அங்கே காற்றுக்குக் கூடக் குரல் உண்டு!

பைன் மரக் காட்டில் அது "உஸ்" என்று இரைகிறது. பாறை இடுக்கில் ஊளையிடுகிறது. ஏரிக்கரையில் சத்தமே இல்லாமல் வந்து கன்னத்தைத் தொடுகிறது. காற்று ஒன்றுதான். புகும் இடத்துக்குத் தக்கபடி ஓசை மாறுகிறது.

அதே காற்று மூங்கிலில் புகுந்தால்? அதுதான் புல்லாங்குழல்!

இந்த எண்ணத்தை வைத்து ஓர் இசைத்தட்டு உருவானது. பெயர் "நத்திங் பட் விண்ட்". "வெறும் காற்றுதான்" என்று பொருள். வெளிவந்த ஆண்டு 1988. இசை அமைத்தவர் இளையராஜா. குழல் வாசித்தவர் அரிபிரசாத் சௌராசியா. உடன் வாசித்தது 50 பேர் கொண்ட வாத்தியக் குழு.

மலைக்குத் தெற்கே

பழனி மலைகளுக்குத் தெற்கே கம்பம் பள்ளத்தாக்கு இருக்கிறது. இளையராஜா பிறந்த பண்ணைப்புரம் அங்கேதான். அண்ணன் பாவலர் வரதராசனின் குழுவோடு ஊர் ஊராகப் போய் ஆர்மோனியம் வாசித்தவர் அவர். பிறகு சென்னைக்கு வந்து, தன்ராஜ் மாஸ்டரிடம் மேல்நாட்டு சங்கீதம் படித்தார். 1976ல் "அன்னக்கிளி" வந்தது. அப்புறம் நடந்தது ஊருக்கே தெரியும்.

சௌராசியாவின் கதை இன்னும் வேடிக்கை. அவர் அலகாபாத்தில் பிறந்தவர். தந்தை பயில்வான். மகனையும் மல்யுத்த வீரனாக்க ஆசைப்பட்டார். மகனோ தந்தைக்குத் தெரியாமல் குழல் கற்றார்!

பாட்டே இல்லை!

இந்த இசைத்தட்டில் கதாநாயகன் இல்லை. காதல் வசனம் இல்லை. பாட்டும் இல்லை. ஐந்தே உருப்படிகள். எல்லாம் வாத்திய இசை. ஓர் உருப்படியின் பெயர் "மொசார்ட், ஐ லவ் யூ". மொசார்ட் 18ஆம் நூற்றாண்டில் ஆஸ்திரியாவில் வாழ்ந்த இசை மேதை. வட இந்தியக் குழலும் மேல்நாட்டு வயலின் கூட்டமும் இங்கே ஒரே பந்தியில் உட்கார்ந்திருக்கின்றன!

மேல்நாட்டிலும் இப்படிச் சோதனைகள் நடந்தது உண்டு. கிட்டாரும் டிரம்ஸும் அதிர வாசிப்பது ராக் இசை. 1969ல் "டீப் பர்ப்பிள்" என்ற ராக் குழு, லண்டன் ராயல் ஆல்பர்ட் மண்டபத்தில் ராயல் ஃபில்ஹார்மோனிக் வாத்தியக் குழுவோடு சேர்ந்து வாசித்தது. 1993ல் அதே ராயல் ஃபில்ஹார்மோனிக் குழு, பண்ணைப்புரத்துக்காரர் எழுதிய சிம்பொனியை லண்டனில் வாசித்துப் பதிவு செய்தது!

நமக்குப் புரியுமா?

"இதெல்லாம் படித்தவர்கள் சமாசாரம். வரி இல்லாத இசை நமக்கு எப்படிப் புரியும்?" என்று பலர் ஒதுங்கி விடுகிறார்கள். அது தவறு.

பழனிக்குக் காவடி போகும் கூட்டத்தைப் பாருங்கள். ஆயிரம் பேர் நடந்தாலும் உங்கள் கண் உங்கள் பிள்ளையை விடுவதில்லை. அதுபோல முதல் தடவை குழலை மட்டும் பின்தொடருங்கள். எப்போது பேசுகிறது, எப்போது ஓய்கிறது என்று கவனியுங்கள். இரண்டாம் தடவை வயலின்களைக் கேளுங்கள். குழலுக்கு அவை பதில் சொல்வது தெரியும். மூன்றாம் தடவை எல்லாவற்றையும் சேர்த்துக் கேளுங்கள்.

முதன்முதலில் எழுத்துக் கூட்டிப் படித்த நாள் ஞாபகம் இருக்கிறதா? தனித்தனி எழுத்தாக நின்றது, திடீரென்று சொல்லாகச் சேர்ந்ததே! அந்த மகிழ்ச்சி இங்கேயும் கிடைக்கும்.

கைப்பேசியிலேயே இன்று இதைக் கேட்கலாம். இரவுச் சாப்பாடு முடிந்ததும் குழந்தைகளையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். "இந்த இடத்தில் உனக்கு என்ன தோன்றுகிறது?" என்று கேளுங்கள். ஒருவர் மழை என்பார். ஒருவர் மலை என்பார். இருவர் சொல்வதும் சரிதான்!