அடையாள அட்டை எண் உங்கள் வீட்டு எண், சாவி அல்ல

சென்ற ஆண்டு டத்தோ கிராமாட் பகுதியில் உள்ள ஒரு நகலெடுக்கும் கடைக்குப் போயிருந்தேன். இயந்திரத்தின் மேல் யாரோ மறந்துவிட்டுப் போன சிறு தாள் கிடந்தது. அதில் பெயர் இல்லை, முகவரி இல்லை. ஓர் அடையாள அட்டை எண் மட்டும் எழுதியிருந்தது. ஆனாலும், அதற்கு உரியவர் பினாங்கில் பிறந்த பெண் என்பதும், அவருடைய பிறந்தநாள் எது என்பதும் ஒரே பார்வையில் தெரிந்துவிட்டன. எப்படி?

மாணவர்களே, உங்கள் மைகாட்டை எடுத்துப் பாருங்கள். மொத்தம் 12 இலக்கங்கள். முதல் ஆறும் பிறந்த ஆண்டு, மாதம், நாள். அடுத்த இரண்டும் பிறந்த இடத்தின் குறியீடு. 07 என்றால் பினாங்கு. கடைசி இலக்கம் ஒற்றைப்படை என்றால் ஆண், இரட்டைப்படை என்றால் பெண்.

இப்போது ஒரு கணக்கு. 12 இடங்களையும் எந்த இலக்கத்தாலும் நிரப்பலாம் என்றால் ஒரு இலட்சம் கோடி எண்கள் கிடைக்கும். ஆனால் உங்கள் பிறந்தநாளும் பிறந்த இடக் குறியீடும் ஒருவருக்குத் தெரிந்தால் எட்டு இலக்கங்கள் தெரிந்துவிடும். மிஞ்சும் நான்கு இடங்களுக்கு 10,000 வாய்ப்புகள். நீங்கள் ஆணா பெண்ணா என்பதும் தெரிவதால் அதில் பாதி, 5,000 மட்டுமே. தடையின்றி முயல விட்டால், கணினிக்கு இது கண் இமைக்கும் நேர வேலை. பிறந்தநாளைத்தான் நாமே சமூக ஊடகத்தில் கேக் படத்தோடு அறிவித்துவிடுகிறோமே!

இது ஏன் உங்களுக்கு முக்கியம்? எஸ்.பி.எம். முடித்து உயர்கல்விக்கு விண்ணப்பிக்கும்போது ஒவ்வொரு படிவத்திலும் இந்த எண்ணைத்தான் எழுதப் போகிறீர்கள். புதிய மாணவரின் இணையக் கணக்குக்கு முதல் கடவுச்சொல்லாக இதே எண்ணைக் கொடுக்கும் வழக்கமும் உண்டு. அதை மாற்றாமலே படிப்பை முடிப்பவர்களும் உண்டு.

2019 ஜனவரியில், யுஐடிஎம் எனப்படும் மாரா தொழில்நுட்பப் பல்கலைக்கழக மாணவர்களின் விவரங்கள் இணையத்தில் கசிந்ததாக லோயாட் டாட் நெட் என்ற தொழில்நுட்பச் செய்தித்தளம் வெளியிட்டது. 2000 முதல் 2018 வரை சேர்ந்தவர்களின் 11 இலட்சத்துக்கும் அதிகமான பதிவுகள் அதில் இருந்தனவாம். பெயர், அடையாள அட்டை எண், முகவரி, மின்னஞ்சல், தொலைபேசி எண் எல்லாம் ஒரே இடத்தில். அதற்கு முன் 2017இல் நாட்டின் 4 கோடியே 62 இலட்சம் கைப்பேசி எண்களின் விவரங்கள் கசிந்த செய்தியும் வந்தது. அது நம் மக்கள்தொகையைவிட அதிகம்.

கடவுச்சொல் கசிந்தால் ஐந்து நிமிடத்தில் மாற்றிவிடலாம். பிறந்தநாளை மாற்ற முடியுமா? கசிந்த விவரம் பல ஆண்டுகள் கைமாறிக்கொண்டே இருக்கும். ஒருநாள் தொலைபேசி ஒலிக்கும். "உங்கள் கல்விக் கடனில் சிக்கல்" என்று ஒரு குரல் உங்கள் முழுப் பெயரையும் அடையாள அட்டை எண்ணையும் தப்பில்லாமல் சொல்லும். "இவ்வளவு தெரிந்தவர் அதிகாரியாகத்தான் இருப்பார்" என்று மனம் நம்பும். ஏமாறும் இடம் அதுதான். எண் தெரிந்திருப்பது அவர் யார் என்பதற்குச் சான்றே ஆகாது.

அடையாள அட்டை எண் வீட்டு எண்ணைப் போன்றது. வீட்டு எண் தெரிந்தவர் எல்லாம் வீட்டுக்குள் வந்துவிட முடியாது; அதற்குச் சாவி வேண்டும். நம் சாவி கடவுச்சொல். அதே 12 இடங்களை இலக்கங்களுக்குப் பதிலாக, பொருளற்ற வரிசையில் 26 ஆங்கிலச் சிற்றெழுத்துகளால் நிரப்பிப் பாருங்கள். வாய்ப்புகள் ஒரு இலட்சம் கோடியைப்போல் 95,000 மடங்குக்கும் மேல் ஆகிவிடும்! நினைவில் வைப்பது கடினமா? தொடர்பில்லாத நான்கைந்து சொற்களைக் கோத்து நீளமாக்குங்கள். ஒரு கணக்குக்கு வைத்ததை இன்னொன்றுக்கு வைக்காதீர்கள். இரண்டு அடுக்குச் சரிபார்ப்பையும் இயக்கிவிடுங்கள். கைப்பேசிக்கு வரும் அந்தக் குறியீட்டை யார் கேட்டாலும் சொல்லாதீர்கள்.

அட்டையின் நகலைக் கொடுக்கும்போது, அதன் குறுக்கே இரண்டு கோடுகள் போட்டு எந்தத் தேவைக்கு என்று எழுதுங்கள். சந்தேகமான அழைப்பு வந்தால் துண்டித்துவிட்டு, அந்த அலுவலகத்தின் எண்ணை நீங்களே தேடி அழையுங்கள். பணம் கைமாறிவிட்டதா? வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 997க்கு அழையுங்கள். நேரம் கடந்தால் பணம் வேறு கணக்குகளுக்குப் போய்விடும்.

தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010இல் இயற்றப்பட்டு, 2013 நவம்பர் 15 முதல் நம் நாட்டில் நடப்பில் உள்ளது. சட்டம் தன் வேலையைச் செய்யட்டும். நம் வேலை ஒன்று இருக்கிறது. இன்று இரவு சாப்பிட்ட பிறகு அம்மா, அப்பா, தாத்தா, பாட்டியிடம் கேளுங்கள்: "உங்கள் கடவுச்சொல்லில் பிறந்தநாள் இருக்கிறதா?" கடவுச்சொல்லைச் சொல்ல வேண்டாம்; ஆம், இல்லை என்ற பதில் போதும். ஆம் என்றால், பக்கத்தில் உட்கார்ந்து மாற்ற உதவுங்கள்.

நகல் கடையில் கிடந்த அந்தத் தாளை என்ன செய்தேன் என்கிறீர்களா? பொடிப்பொடியாகக் கிழித்துத்தான் குப்பைத்தொட்டியில் போட்டேன்.