முட்டையைக் காடியில் ஊறவைத்தல்

புரட்டாசி மாதத்தில் திருபுவனையிலும் அதைச் சூழ்ந்த கிராமங்களிலும் அநேகர் மாமிசமும் முட்டையும் நீக்கி விரதம் அனுஷ்டிப்பது வழக்கம். ஊரிலேயே சோழர் காலத்துப் பெருமாள் கோயில் இருத்தலால், சனிக்கிழமைகளில் இக்கட்டுப்பாடு இன்னும் பலமாகும். கோழிகளோ விரதம் அறியா. முட்டை வழக்கம்போல் சேர்ந்துகொண்டே போக, வாங்குவோர் குறைந்து விலை இறங்கிவிடுகிறது. முட்டைக்குப் பேர்போன நாமக்கல்லிலும் அம்மாதத்தில் இதே கதைதான். மிஞ்சிய முட்டைகளைப் புரட்டாசிக் கடைசியில் காடியில் இட்டு வைத்தால், ஐப்பசி கார்த்திகையில் ருசியான தொடுகறியாகும்.

அன்று இட்ட முட்டை இதற்கு உதவாது. ஓட்டோடு வெண்கருவும் பிய்ந்து வரும். ஏழெட்டு நாள் ஆன முட்டையில் கரியமில வாயு ஓரளவு வெளியேறியிருப்பதால் ஓடு சுலபமாய்க் கழலும். ஜலத்தில் மிதப்பதைத் தள்ளிவிடவேண்டும். 12 முட்டைகளைக் குளிர்ந்த ஜலத்திலிட்டு அடுப்பேற்றி, கொதி வந்தபின் 12 நிமிஷம் வேகவைத்து, உடனே குளிர்ந்த ஜலத்தில் ஆறவிட்டு உரிக்கவும். உரிக்கையில் கிழிந்த முட்டையை அன்றைக்கே குழம்பில் போட்டுத் தீர்த்துவிடலாம். ஜாடிக்கு அது ஆகாது.

காடி என்பது கடையில் வினிகர் என்று விற்பதே. நம் நாட்டு உணவு விதிகளின்படி அதில் அமிலம் 3.75 சதவீதத்துக்குக் குறையலாகாது. ஆனால் இக்காரியத்துக்கு 5 சதவீதம் உள்ளதையே சீட்டைப் பார்த்து வாங்கவேண்டும். ஜலம் கலக்கலாகாது. கள்ளைப் புளிக்கவைத்து வீட்டில் செய்த காடி வாசனையில் உயர்ந்ததாயினும், அதன் புளிப்பின் அளவு தெரியாமையால் இதற்கு வேண்டாம்.

750 மில்லி லிட்டர் காடியில் உப்பு 2 தேக்கரண்டி, சர்க்கரை 3 தேக்கரண்டி, நொறுக்கிய மிளகும் கடுகும் ஒவ்வொரு தேக்கரண்டி, காய்ந்த மிளகாய் 6, பூண்டு 10 பல், கிராம்பு 4, விரலளவு இஞ்சி இவற்றைச் சேர்த்து எவர்சில்வர் பாத்திரத்தில் 5 நிமிஷம் கொதிக்கவிடவும். பித்தளையும் அலுமினியமும் புளிப்பில் அரிக்கும். கொதிநீரில் சுத்தம் செய்த ஒன்றரை லிட்டர் கண்ணாடி ஜாடியில் முட்டைகளை அடுக்கி, அவை முற்றும் மூழ்கும்படி காடியைச் சூட்டோடு ஊற்றி மூடி, 2 மணி நேரத்துக்குள் குளிர்ப்பெட்டியில் வைக்கவேண்டும்.

இனிச் சொல்வதே முக்கியம். காரம் உள்ளே ஏறவேண்டுமென்று குழம்பு முட்டையைக் கீறுவதும், ஊறுகாய் ஜாடியை வெயிலில் வைப்பதும் நம் வீட்டு வழக்கங்கள். மாங்காய்க்கு வெயில் நல்லதே. அது தானே புளிப்புள்ளது. முட்டை அப்படியன்று. காடியின் புளிப்பு வெண்கருவைக் கடந்து மஞ்சள்கருவை மெதுவாகவே சேரும். கீறினாலும் ஊசியால் குத்தினாலும் கிருமி வித்துக்கள் காற்றும் புளிப்பும் எட்டாத மஞ்சள்கருவுக்குள் புகுந்துவிடும். உஷ்ணமும் சேர்ந்தால் பொட்டுலினம் என்னும் கிருமி அங்கே விருத்தியாகி விஷத்தை உண்டாக்கும். 1997-ஆம் வருஷம் அமெரிக்காவின் இல்லினாய் மாகாணத்தில், பற்குச்சியால் குத்தி வெயில் படும் இடத்தில் வைத்த காடி முட்டையை உண்ட ஒருவருக்கு இவ்விஷம் ஏறிற்று. காட்சி இரட்டையாகி, விழுங்க முடியாமல், மூச்சும் தடைப்பட்டது. பரிசோதித்ததில் மஞ்சள்கருவிலேயே விஷம் மிகுந்திருந்தது. இவ்விஷத்தை மணத்தாலும் ருசியாலும் அறிய முடியாது.

நல்லெண்ணெய் ஊற்றி மூடினால் போதாதோ எனச் சிலர் எண்ணலாம். எண்ணெய் காற்றைத் தடுக்குமேயன்றிப் புளிப்பைத் தராது. ஆகையால் அது அக்கிருமிக்கே அனுகூலம். குளிர்ப்பெட்டி இல்லாத வீட்டார் இதில் இறங்காமல், முட்டையை இறங்கிய விலைக்கே விற்றுவிடுவது மேல்.

கோழி முட்டை ஊற 2 முதல் 4 வாரம் செல்லும். 1974-இல் இசத்நகர் ஆராய்ச்சி நிலையத்தார் நம் நாட்டுக்குக் கொண்டுவந்த ஜப்பான் காடையின் முட்டை சிறியதாகையால், 5 நிமிஷ வேக்காடும் 1 அல்லது 2 வார ஊறலும் போதும்; ருசியிலும் அதுவே முந்தும் என்பது எம் அபிப்பிராயம். ஜாடியின்மேல் தேதி எழுதி ஒட்டி, 4 டிகிரிக்கு மேற்படாத குளிரில் வைத்து, 3 மாதத்துக்குள் தீர்த்துவிடவேண்டும். சுத்தமான கரண்டியாலேயே எடுக்கவும். மழைக்காலத்தில் மின்சாரம் நின்று ஜாடி பல மணி நேரம் சூடேறிக் கிடந்ததாயின், முட்டை எத்தனை மீந்திருப்பினும் குழிவெட்டிப் புதைத்துவிடவும். கோழிக்கும் நாய்க்கும் போடவேண்டாம்.