இத்தாலியில் ரயில் பயணம்: ஏமாறாமல் இருக்க வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு மணி நேரம்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய வாசகர்கள் பலர், "மெயில் பார்க்கிறோம், சினிமா பார்க்கிறோம், இதற்கு மேல் என்ன பயன்?" என்று கேட்டு எழுதுகின்றனர். பிள்ளைகள் வெளிநாட்டில் இருப்பதால் அடிக்கடி விமானம் ஏறும் பெற்றோரும் இவர்களில் உண்டு. நானும் என் மனைவியும் இத்தாலியில் பத்து நாட்கள் ரயிலிலேயே சுற்றி வந்தோம். அதற்கு என் வீட்டு மேஜையில் இருக்கும் கம்ப்யூட்டர் எப்படி உதவியது என்பதை இங்கு சொல்கிறேன்.

ரோம், மிலான், ப்ளாரன்ஸ், வெனிஸ் போன்ற ஊர்களின் பெரிய ரயில் நிலையங்களில் பயணிகளைக் குறி வைக்கும் ஆட்கள் எப்போதும் உண்டு. இவர்கள் எல்லாரையும் நெருங்குவதில்லை. டிக்கெட் மெஷின் முன் எந்தப் பட்டனை அழுத்துவது என்று திகைப்பவர், அறிவிப்புப் பலகையை அண்ணாந்து பார்த்துத் தன் ரயிலைத் தேடுபவர், பெட்டிகளுடன் எந்தப் பக்கம் போவது என்று சுற்றிலும் பார்ப்பவர் ஆகியோரிடம்தான் வருவார்கள். அந்தத் திகைப்பு முகத்தில் இல்லை என்றால் பாதித் தொல்லை குறைந்துவிடும். மெஷினிலும் பலகையிலும் நாம் தேடும் விஷயங்கள் அனைத்தையும் வீட்டிலேயே தெரிந்துகொள்ளலாம் என்பதுதான் இதில் நல்ல செய்தி.

முகவரியை டைப் செய்திடுங்கள்

இத்தாலியின் அரசு ரயில் நிறுவனம் ட்ரெனிட்டாலியா. இதற்குப் போட்டியாக 2012 முதல் இட்டாலோ என்ற தனியார் நிறுவனமும் அதிவேக ரயில்களை இயக்கி வருகிறது. இரண்டுக்கும் தனித்தனி இணைய தளங்கள் உள்ளன. ஒன்றின் டிக்கெட்டை வைத்துக்கொண்டு மற்றதில் ஏற முடியாது.

தேடல் தளத்தில் "இத்தாலி டிரெயின் டிக்கெட்" என்று கொடுத்துப் பாருங்கள். மேலே வரும் முதல் சில முடிவுகளில் "ஸ்பான்சர்டு" என்று சிறிய எழுத்தில் இருக்கும். அவை பணம் கொடுத்து வைக்கப்பட்ட விளம்பரங்கள். அவற்றில் நேர்மையான ஏஜென்சி தளங்களும் உண்டு. அவை டிக்கெட் தரும். கூடவே சேவைக் கட்டணம் என்று ஒரு தொகையையும் சேர்க்கலாம். அசல் தளம் போலவே நிறமும் எழுத்தும் அமைத்து, கார்டு எண்ணை வாங்குவதற்காகவே உருவாக்கப்படும் போலித் தளங்களும் விளம்பரமாக வர வாய்ப்புண்டு. ரயில் நிலையத்தில் ஒருவர் வலிய வந்து உதவுவதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

எனவே தேடாமல், பிரவுசரின் அட்ரஸ் பாரில் நேரடியாக முகவரியை டைப் செய்திடுங்கள். ஆங்கிலத்தில் டி, ஆர், இ, என், ஐ, டி, ஏ, எல், ஐ, ஏ என்ற பத்து எழுத்துக்கள், பின்னர் டாட் காம். அவ்வளவுதான். தளம் திறந்தவுடன் கண்ட்ரோல் கீயுடன் டி கீயை அழுத்தினால் புக்மார்க் ஆகிவிடும். அடுத்த முறை டைப் செய்திட வேண்டியதில்லை.

முகவரியைப் படிப்பதில் ஒரு நுணுக்கம் உள்ளது. தளத்தின் உரிமையாளர் பெயர், டாட் காம் என்பதற்கு உடனே முன்னால் இருப்பதுதான். "ட்ரெனிட்டாலியா டாட் ஏதோஒன்று டாட் காம்" என்று இருந்தால் அது அந்த "ஏதோஒன்று" நடத்தும் தளம், ட்ரெனிட்டாலியா அல்ல. முகவரிக்குப் பக்கத்தில் பூட்டுப் படம் இருக்கிறதே என்று சிலர் நினைப்பார்கள். நீங்கள் அனுப்பும் தகவலை வழியில் யாரும் படிக்க முடியாது என்பதற்கு மட்டுமே பூட்டு அடையாளம். மறுமுனையில் இருப்பவர் யோக்கியர் என்பதற்கு அது சான்று இல்லை. போலித் தளங்களும் பூட்டுடன்தான் வருகின்றன.

நிலையத்தின் பெயர் முக்கியம்

தளத்தின் மேற்பகுதியில் மொழியை ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். ஊர்ப் பெயர்களை மட்டும் இத்தாலியர் எழுதும்படி தெரிந்துகொள்ளுங்கள். நாம் ப்ளாரன்ஸ் என்பது அங்கே பிரென்ஸே. வெனிஸ், வெனேசியா. நேப்பிள்ஸ், நாப்போலி. நிலையத்தின் பலகைகளில் இந்தப் பெயர்களைத்தான் காண்பீர்கள்.

பல ஊர்களில் நிலையம் ஒன்றல்ல. ரோமில் டெர்மினி மைய நிலையம். ஆனால் சில ரயில்கள் டிபுர்டினா நிலையத்தில் நிற்கும். வெனிஸில் மெஸ்ட்ரே என்பது கடலுக்கு இந்தப் பக்கம் தரைப்பகுதியில் இருப்பது. பாலத்தைக் கடந்து, கால்வாய்கள் ஓடும் பழைய நகரத்தின் வாசலில் இருப்பது சாந்த்தா லூசியா. மெஸ்ட்ரேயில் விடுதி எடுத்தவர் லூசியா வரை போய்விட்டால், பெட்டியுடன் திரும்பி இன்னொரு ரயில் பிடிக்க வேண்டும். பாம்பெய் இடிபாடுகளைப் பார்க்க நேப்பிள்ஸிலிருந்து பலரும் செல்வது சிர்கும்வெசுவியானா என்னும் உள்ளூர் ரயில். இது ட்ரெனிட்டாலியா ரயில் அல்ல. ட்ரெனிட்டாலியா தளத்தில் பாம்பெய் என்று கொடுத்தால் கிடைப்பது வேறு நிலையம்.

நேரம் எல்லாம் இத்தாலி நேரம், 24 மணிக் கணக்கில் இருக்கும். கோடையில் அவர்கள் நமக்கு மூன்றரை மணி நேரம் பின்னால். குளிர் காலத்தில் நாலரை.

கட்டணத்தைப் பொறுத்தவரை, ப்ரெச்சாரோசா போன்ற அதிவேக ரயில்களில் முன்கூட்டி வாங்கினால் மலிவு. மிக மலிவான டிக்கெட்டுக்குக் கட்டுப்பாடுகளும் மிக அதிகம். பணம் கட்டும் முன் அதற்கான குறிப்பைப் படித்துவிடுங்கள். ரெஜியோனாலே எனப்படும் உள்ளூர் ரயில்களுக்கு எப்போது வாங்கினாலும் ஒரே கட்டணம், ரிசர்வேஷனும் இல்லை. நம் ஊரைப் போல வெயிட்டிங் லிஸ்ட் என்ற தலைவலி இங்கு கிடையாது.

பணம் கட்டும்போது நம் ஊர் கார்டு மறுக்கப்பட்டால் பயப்பட வேண்டாம். ரிசர்வ் வங்கி 2020ல் கொண்டு வந்த விதிப்படி, புதிய கார்டுகளில் வெளிநாட்டுப் பயன்பாடு மூடியே வைக்கப்பட்டிருக்கும். உங்கள் வங்கியின் தளத்தில் நுழைந்து அதனைத் திறந்து, உச்சவரம்பையும் குறைவாக அமைத்துக்கொள்ளுங்கள். சில வெளிநாட்டுத் தளங்களில் ஓ.டி.பி. கேட்காமலேயே பணம் கழிக்கப்பட்டுவிடும். முகவரி விஷயத்தில் நான் இவ்வளவு நேரம் செலவழித்ததற்கு அதுதான் காரணம்.

ஒரு பக்கம் பிரிண்ட் எடுங்கள்

டிக்கெட் மெயிலில் பி.டி.எப். பைலாக வரும். அதனை மொபைல் போனிலும் சேமித்து, ஒரு பிரதி பிரிண்ட் எடுத்துக்கொள்ளுங்கள். போனில் இருந்தால் போதுமே என்று கேட்கலாம். சட்டப்படி போதும். ஆனால் கூட்டத்தின் நடுவே போனைக் கையில் நீட்டி, கட்டை விரலால் தேடிக்கொண்டு நிற்பதைத்தான் திருடன் எதிர்பார்க்கிறான்.

இதைவிட முக்கியமாக, நோட்பேட் திறந்து ஒவ்வொரு பயணத்திற்கும் நான்கு வரிகள் தயார் செய்திடுங்கள். ரயில் எண், புறப்படும் நேரம், கோச் மற்றும் சீட் எண், அந்த ரயில் கடைசியாகப் போய்ச் சேரும் ஊர். இந்தக் கடைசித் தகவலைப் பலரும் விட்டுவிடுவார்கள். ரோமிலிருந்து ப்ளாரன்ஸ் செல்லும் ரயில், பலகையில் மிலானோ சென்ட்ராலே என்றோ வெனேசியா சாந்த்தா லூசியா என்றோதான் பெரிய எழுத்தில் காட்டப்படும். ப்ளாரன்ஸ் என்று தேடுபவர் கிடைக்காமல் பதறுவார். "எந்த ரயில்?" என்ற குரல் அப்போதுதான் தோளுக்குப் பின்னால் கேட்கும். ரயில் எண் கையில் இருந்தால் ஊர்ப் பெயரைப் பார்க்கவே தேவையில்லை.

பலகையில் உள்ள சில சொற்களையும் தெரிந்துகொள்ளுங்கள். பார்டென்ஸே என்றால் புறப்பாடு. அரிவி, வருகை. பினாரியோ, பிளாட்பாரம். ரிடார்டோ, தாமதம். கரோட்சா என்பது கோச், போஸ்டோ, சீட். ஆங்கில எழுத்தில் இவை எப்படி இருக்கும் என்பதை மொழிபெயர்ப்புத் தளத்தில் பார்த்து, காப்பி செய்து அதே நோட்பேட் பக்கத்தின் கீழே ஒட்டிவிடுங்கள். பெரிய நிலையங்களில் பினாரியோ எண் புறப்படுவதற்குச் சற்று முன்புதான் வரும். அதுவரை பலகையின் கீழே கூட்டத்தில் நிற்காமல், சுவரை ஒட்டி, பெட்டியைக் காலுக்கு நடுவில் வைத்து நில்லுங்கள்.

மெஷின் முன்னால்

ஒரு பெரிய நிலையத்தில் நான் கண்டதைச் சொல்கிறேன். வயதான தம்பதி மெஷினில் தடுமாறிக்கொண்டிருந்தனர். கழுத்தில் ஏதோ அட்டை மாட்டிய இளைஞர் ஒருவர் சிரித்தபடி வந்து, அவர்கள் கேட்காமலேயே திரையைத் தொட்டு டிக்கெட் எடுத்துக் கொடுத்தார். பிறகு கையை நீட்டினார். பெரியவர் கொடுத்த நாணயங்களைப் பார்த்துவிட்டு, போதாது என்று குரலை உயர்த்தினார். அந்த அம்மாள் பயந்து ஒரு நோட்டை எடுத்துக் கொடுத்தார். அடுத்து அந்த இளைஞர் எங்களிடம் வந்தார். என் மனைவி மடித்து வைத்திருந்த பேப்பரைப் பிரித்து எங்கள் ரயில் எண்ணைப் பார்த்தார். பலகையில் அதே எண் இருந்தது. நாங்கள் நடக்கத் தொடங்கியதும் அவர் வேறு பக்கம் திரும்பிவிட்டார். அட்டையில் என்ன எழுதியிருந்தது என்று கடைசி வரை தெரியவில்லை.

இனாம் கேட்பதோடு விட்டால் லாபம். உதவி என்ற பெயரில் மெஷினில் மிஞ்சும் சில்லறையை எடுத்துக்கொள்வதும், பின் நம்பரை எட்டிப் பார்ப்பதும், ஒருவர் பேச்சுக் கொடுக்க இன்னொருவர் கைப்பையைத் திறப்பதும் நடக்கின்றன. இந்த மெஷின்களே ஆங்கிலத்தில் "ஜேப்படிக்காரர்கள் ஜாக்கிரதை" என்று உரக்க எச்சரிப்பதைக் கேட்கலாம். மெஷினில் ஆங்கிலம் தேர்ந்தெடுக்கும் வசதி உண்டு. புரியவில்லை என்றால் பிலியெட்டேரியா என்னும் கவுன்டருக்குப் போங்கள். வரிசையில் நிற்பது அவமானம் இல்லை.

இதே கதைதான் பிளாட்பாரத்திலும். கேட்காமலேயே பெட்டியைத் தூக்குபவர், சீட்டைக் காட்டுகிறேன் என்று ரயிலுக்குள் வருபவர் இருவரும் பின்னர் பத்து யூரோ கேட்பார்கள். பெட்டியின் கைப்பிடியை விடாமல் "நோ" என்று ஒரே வார்த்தை சொல்லி நடந்துவிடுங்கள். "தேங்க்யூ" என்று நம் பழக்கத்தில் சிரித்தால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வார்கள்.

மெஷினில் எடுத்த ரெஜியோனாலே பேப்பர் டிக்கெட்டை, ஏறும் முன் பிளாட்பாரம் அருகே உள்ள சிறிய பெட்டியில் நுழைத்து நேரம் பதிக்க வேண்டும். இல்லை என்றால் டிக்கெட் இருந்தும் அபராதம். இது ஏமாற்று அல்ல, உண்மையான விதி. குறிப்பிட்ட ரயிலுக்கும் சீட்டுக்கும் எடுத்த அதிவேக ரயில் டிக்கெட்டுக்கு இது தேவையில்லை. இணையத்தில் வாங்கிய உள்ளூர் டிக்கெட்டுக்கு என்ன செய்ய வேண்டும் என்பது அதனுடன் வரும் மெயிலிலேயே இருக்கும். அந்தப் பத்தியைப் படிக்காமல் விடாதீர்கள்.

நிலையத்தில் உள்ள ஏ.டி.எம்.மில் பணம் எடுத்தால், ரூபாயில் கணக்கிடவா, யூரோவிலா என்று கேட்கும். ரூபாய் என்று பார்த்ததும் மனம் அதற்குத்தான் போகும். யூரோவைத் தேர்ந்தெடுங்கள். ரூபாய் என்றால் அந்த மெஷின்காரர் வைத்த விலைதான் மாற்று விகிதம்.

பாஸ்போர்ட், விசா பக்கங்களை ஸ்கேன் செய்து உங்கள் மெயிலுக்கே ஓர் அட்டாச்மென்ட்டாக அனுப்பி வைத்திடுங்கள். பை போனால் பெரிய நிலையங்களில் உள்ள போல்பெர் என்னும் ரயில்வே போலீஸிடம் புகார் எழுதி நகல் வாங்க வேண்டும். இந்தியத் தூதரகம் ரோமில் இருக்கிறது. துணைத் தூதரகம் மிலானில். கார்டைத் தடுக்க வெளிநாட்டிலிருந்து அழைக்க வேண்டிய வங்கி எண்ணும், அவசர எண் 112ம் போனில் இருந்து பயனில்லை, போனே போயிருக்கலாம். நோட்பேட் பக்கத்தில் எழுதி, இருவர் பையிலும் ஒவ்வொரு பிரதி வையுங்கள்.

புறப்படும் அன்று காலை விடுதியில் இருந்தபடி வியாஜ்ஜாட்ரெனோ என்ற தளத்தில் ரயில் எண்ணைக் கொடுத்தால், ட்ரெனிட்டாலியா ரயில் எங்கே வருகிறது, எத்தனை நிமிடம் தாமதம் என்று காட்டும். முந்தின நாளே செய்திகளில் ஷோப்பெரோ என்ற சொல் இருக்கிறதா என்றும் பாருங்கள். வேலைநிறுத்தம் என்று பொருள். இத்தாலியில் இது அபூர்வம் அல்ல, முன்கூட்டியே அறிவிக்கப்படும். அன்று நிலைய வாசலில் "டாக்சி, டாக்சி" என்று மீட்டர் இல்லாத கார்க்காரர்களுக்குக் கொண்டாட்டம். வார நாட்களில் வேலைநிறுத்தம் என்றாலும் காலை 6 முதல் 9 வரையும் மாலை 6 முதல் 9 வரையும் குறிப்பிட்ட உள்ளூர் ரயில்கள் கட்டாயம் ஓடும். அந்தப் பட்டியல் ட்ரெனிட்டாலியா தளத்திலேயே கிடைக்கிறது.