நித்திரையில் நிற்கும் மூச்சு

குறட்டை விட்டு உறங்குபவரைக் கண்டால், நல்ல நித்திரை கொள்கிறார் என்றே நாம் எண்ணுகிறோம். ஆயினும், அக்குறட்டை திடீரென நின்று, மூச்சும் அடங்கி, பின்னர் திணறலுடன் மீண்டும் தொடங்குமாயின் அது நோயின் அறிகுறியாகும். இதனையே வைத்தியர்கள் 'ஸ்லீப் அப்னியா' என்பர்.

உறக்கத்திலே தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுவழியை அடைத்துவிடுகின்றன. இரத்தத்தில் பிராணவாயு குறையவே, மூளை விழிப்புற்று மூச்சை மீட்கின்றது. 10 விநாடியோ அதற்கு மேலோ நீடிக்கும் இத்தகைய தடைகள் மணிக்கு 30 தடவை நேர்ந்தால் நோய் கடுமையானது. காலையில் தலைவலி, பகலில் தூக்கம், உயர் இரத்த அழுத்தம் ஆகியன இதனைத் தொடரும். வாகனம் ஓட்டுபவருக்கோ அப்பகல் தூக்கம் உயிராபத்து.

உறங்குபவர் இதனை அறியார், அறிபவர் வீட்டாரே. ஆகவே, குறட்டையை நகைத்து ஒதுக்காது, கண்டதை வைத்தியரிடம் கூறுதல் நமது கடமை.

எச்சிகிச்சை வேண்டும் என்பதை உறக்கப் பரிசோதனை காட்டும். நோய் இலேசாயின், உடற்பருமனைக் குறைத்தலும் மதுவை விலக்கலும் ஒருக்களித்துப் படுத்தலும் உதவலாம். கடுமையாயின், 1981இல் அவுஸ்திரேலிய வைத்தியர் கொலின் சலிவன் அறிமுகஞ் செய்த காற்றழுத்தக் கருவி துணைபுரியும். முகமூடி வழியே வரும் காற்று மூச்சுவழியைத் திறந்து வைக்கின்றது. முதல் இரவுகளில் முகமூடி உறுத்தலாம். பொறுத்துப் பழகுவதே அறிவுடைமை. அதனை அணியாத இரவில் நோய் மீளும் என்பதை நாம் மறத்தலாகாது.