உண்ணுதல் கோளாறுகளின் மாறும் வெளிப்பாடு

உண்ணுதல் கோளாறு என்பது உணவு உட்கொள்ளும் முறை சீர்குலைந்து உடல்நலத்தைக் கெடுக்கும் உளநோய் வகையாகும். இதன் வெளிப்பாடு காலத்திற்கும் பண்பாட்டிற்கும் ஏற்ப மாறுபடுகிறது. 1873 இல் இலண்டன் மருத்துவர் வில்லியம் கல் 'அனோரெக்சியா நெர்வோசா' என்னும் பெயரை முன்வைத்தபோது, பருமனாகிவிடுவோம் என்னும் அச்சம் அதன் அடையாளமாகக் கூறப்படவில்லை. அது இருபதாம் நூற்றாண்டிலேயே முதன்மை பெற்றது. 1979 இல் ஜெரால்டு இரசல், மிகையாக உண்டு வாந்தியெடுக்கும் 'புலிமியா நெர்வோசா'வை விவரித்தார்.

1990களில் சென்னை மருத்துவ மாணவர்களிடையே நடந்த ஆய்வில், இவ்வரையறைகளுக்குள் அடங்காத மிதமான 'உண்ணுதல் துயர்' நிலை இனங்காணப்பட்டது. தில்லியில் 1995 இல் விவரிக்கப்பட்ட ஐந்து பெண்களிடம் உடல்தோற்றம் பற்றிய திரிபுணர்வு காணப்படவில்லை. அச்சத்தை மட்டும் அளவுகோலாகக் கொண்டால் இத்தகையோர் சிகிச்சை பெறாமல் போகக்கூடும். 2013 இல் வெளியான டி.எஸ்.எம்-5 கையேடு, அச்சம் வெளிப்படாவிடினும் எடை கூடுவதைத் தடுக்கும் தொடர்நடத்தையை அடையாளமாக ஏற்றது.