முதுமைக்கு ஏற்ற நந்தவனம்

மலர் பறித்துத் தொடுத்து இறைவனுக்குச் சூட்டுவதையே வாழ்நாள் தொண்டாகக் கொண்டவர் பெரியாழ்வார். திருவரங்கத்தில் தொண்டரடிப்பொடியாழ்வாரும், இராமானுசரின் ஆணையை ஏற்றுத் திருமலையில் அனந்தாழ்வானும் நந்தவனம் அமைத்துப் பேறு பெற்றனர். அத்தொண்டு கோயில் மதிலோடு நின்றுவிடுவதன்று. இல்லத்து முற்றத்திலும் தொடரத் தக்கது.

சிவாலய ஓட்டத்தின் 12 தலங்களையும் தன்னைச் சுற்றிலும் கொண்டது மார்த்தாண்டம் வட்டாரம். விடியலில் நீராடிப் பூக்குடலையுடன் முற்றத்தில் இறங்குவது இங்குள்ள மூத்தோரின் வழக்கம். இன்றோ பிள்ளைகள் வெளியூர் சென்றபின் முதியோர் மட்டுமே எஞ்சிய வீடுகள் பல. குடம் சுமக்கக் கைக்கு வலுவில்லை. குனிந்தால் முழங்கால் இடம் கொடுப்பதில்லை. செடிகள் வாடி மறைய, தோவாளைப் பூவே பூசைக்கு வந்து சேருகிறது. விலை கொடுத்து வாங்கிய மலரையும் இறைவன் ஏற்பான். ஆயினும், தன் கையால் வளர்த்த மலரைச் சாத்தும்போது உண்டாகும் நிறைவு வேறு.

அந்நிறைவை இழக்க வேண்டியதில்லை. தோட்டத்தின் அளவையும் செடிகளின் வகையையும் மாற்றினால் போதும்.

தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளையும் பெறும் மண் இது. ஆகவே ஆண்டுதோறும் விதைத்து நட வேண்டிய செடிகளை விடுத்து, ஒருமுறை நட்டால் பல்லாண்டு நிற்கும் செம்பருத்தி, தெற்றி, நந்தியாவட்டை, பவளமல்லி ஆகியவற்றைத் தேர்வது நன்று. மழைக்காலத் தொடக்கத்தில் நட்டால் மழையே அவற்றை வேரூன்றச் செய்யும். இடுப்பளவு உயரத்தில் செம்பருத்தியையும் தெற்றியையும் கவாத்து செய்துவந்தால் நின்றபடியே மலர் பறிக்கலாம். தரையில் விழுந்த மலரைப் பூசைக்கு எடுப்பதில்லை. பவளமல்லி அதற்கு விலக்கு. இரவில் மரத்தடியில் தூய துணி விரித்து வைத்தால், காலையில் அதன் நுனிகளைச் சேர்த்தெடுக்கலாம்.

கோடைக்குக் கதம்பை துணை செய்யும். செடியைச் சுற்றிக் கதம்பையைக் குழிந்த பக்கம் மேல்நோக்கிப் புதைத்து, அதன்மேல் சருகைப் பரப்பினால் ஈரம் காக்கப்படும், களையும் குறையும். துளசியை உயர்ந்த மாடத்தில் வைத்து, கதிர்களை அவ்வப்போது கிள்ளிவிட்டால் செடி நெடுநாள் தழைக்கும்.

அரளி வறட்சியைத் தாங்குமெனினும் அதன் எல்லாப் பகுதிகளும் நஞ்சு. 2024 மே மாதத்தில் திருவிதாங்கூர் தேவஸ்வம் வாரியம் நிவேதனத்திலும் பிரசாதத்திலும் அரளியைத் தவிர்க்கப் பணித்தது. பேரக்குழந்தைகள் வந்துபோகும் வீட்டில் அதனை நடாதிருப்பதே நலம்.

கதம்பை புதைப்பது போன்ற கடின வேலைகளுக்கு ஆண்டில் ஓரிரு நாள் கூலியாள் துணை கொள்ளலாம். நாள்தோறும் மலர் பறிக்கும் பணியை மட்டும் மூத்தோர் தம்மிடமே வைத்துக்கொள்ளட்டும். ஐந்தாறு செடிகளே நின்றாலும் அது நந்தவனமே. வைகறையில் அவற்றினிடையே நாமம் சொல்லி நான்கு அடி நடப்பதும் வழிபாடே.